பட்டியல் யார் கையில்?



“வேலையில் நீ என்னதான் செய்கிறாய் என்று பசங்களுக்குப் புரிகிற மாதிரி பத்து நிமிஷம் பேசு” என்றார் சங்கச் செயலாளர் அண்ணன். காந்திபுரத்தில் உட்கார்ந்து கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து தருவது என் பிழைப்பு. அதில் ஒரு சின்ன சமாசாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் ‘மாவட்டம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அமுக்கினால் பட்டியல் ஒன்று கீழே விரியும். அதை டிராப்டவுன் என்கிறோம். அந்தப் பட்டியல் எங்கிருந்து வரவேண்டும் என்பதுதான் கேள்வி. ‘இதற்கு ஒரு பேச்சா?’ என்று பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நம்ம தாராபுரத்தைப் பாருங்கள். 1979 வரை அது கோவை மாவட்டம். அந்த ஆண்டு பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போயிற்று. தொண்ணூறுகளில் அந்த மாவட்டத்துக்கே ஈரோடு என்று பெயர் மாறியது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானதும் தாராபுரமும் காங்கயமும் அங்கே சேர்ந்தன. அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் கோவையிலிருந்து போயின. ஆக, தாராபுரத்தில் ஒரே வீட்டில் 1955-இல் பிறந்த பாட்டிக்குக் கோவை மாவட்டம், 1982-இல் பிறந்த அம்மாவுக்குப் பெரியார் மாவட்டம், 2007-இல் பிறந்த பேத்திக்கு ஈரோடு மாவட்டம். மூவரும் இன்று குடியிருப்பது திருப்பூர் மாவட்டம். வீடு ஓரடி நகரவில்லை!

அந்தப் பேத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வையுங்கள. படிவத்தில் உள்ள பட்டியல் 2008-இல் யாரோ கையால் தட்டியது. அதையே நகலெடுத்து நகலெடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பூர் அதில் இல்லை. வேறு வழியின்றி ஈரோட்டைத் தேர்ந்தெடுப்பாள். வருமானச் சான்றிதழிலோ திருப்பூர் என்றிருக்கும். ‘பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பும். அவள் செய்த தப்பு என்ன? பட்டியலைத் தட்டியவன் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பான்.

2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 37. 2020 டிசம்பரில் மயிலாடுதுறையோடு 38. ஒவ்வொரு தடவையும் எத்தனை இணையதளத்தில் போய்க் கையால் திருத்துவது? அதனால்தான் பட்டியலை நாம் வைத்துக்கொள்ளாமல், அதைப் பராமரிக்கிற இடத்திலேயே கேட்டு வாங்குகிறோம். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி டைரக்டரி மாநிலம், மாவட்டம், கிராமம் வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 33. உங்கள் அப்பா கடை ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் அதே 33தான். இப்படி ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் கேட்டு வாங்குகிற வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். பஸ் ஸ்டாண்டில் பெயின்ட் அடித்த பழைய போர்டை நம்பாமல் டைம் கீப்பரிடம் கேட்கிறோமே, அது மாதிரி.

வேர்ட்பிரஸ், டிரூப்பல் போன்ற மென்பொருள்களில் கட்டத்துக்கான பட்டியலைக் கையால் நிரப்பாமல் ஒரு ஃபங்ஷன் வழியாகக் கொடுக்க வசதி உண்டு. அந்த ஃபங்ஷன் ஏபிஐயைக் கேட்கும். இதுவரை சுலபம். டைம் கீப்பர் சாப்பிடப் போயிருந்தால் என்ன செய்வது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஒவ்வொருவர் பக்கத்தைத் திறக்கும்போதும் கேட்டால், அந்த சர்வர் படுத்த நாளில் நம் படிவமும் படுத்துவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு முறை கேட்டு, வந்ததை நம்மிடமே சேமித்துக்கொள்ள வேண்டும். காலிப் பட்டியல் வந்தால் பழைய நல்ல பிரதியை அழிக்கவே கூடாது. ஏபிஐ சாவி நம் சர்வரிலேயே இருக்கட்டும். பிரவுசருக்கு அனுப்பினால் ஊருக்கே கொடுத்த மாதிரி.

அதைவிட முக்கியம், பெயரைச் சேமிக்காதீர்கள், எண்ணைச் சேமியுங்கள். 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. கோயம்புத்தூரும் அதில் உண்டு. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. எண் வைத்திருந்தவர்களுக்குப் போகும்போதும் கவலையில்லை, வரும்போதும் கவலையில்லை.

இன்னொன்று, நம் சங்கத்துக்கே சம்பந்தப்பட்டது. எண்பதுகளில் படித்த அண்ணன்மார் பலர் உறுப்பினர் படிவத்தில் ‘பெரியார் மாவட்டம்’ என்று எழுதியிருப்பார்கள். புதுப் பட்டியலில் அந்தப் பெயர் கிடையாது. போன் நம்பரை மாற்றுவதற்காக ஒருவர் அந்தப் பதிவைத் திறக்கிறார். பொருத்தமான பெயர் கிடைக்காவிட்டால் கட்டம் பெரும்பாலும் பட்டியலில் முதலில் இருப்பதைக் காட்டும். அகர வரிசையில் முதல் மாவட்டம் அரியலூர். ‘சேமி’ என்று அமுக்கினால் தாராபுரத்து அண்ணன் சத்தமில்லாமல் அரியலூர்க்காரர் ஆகிவிடுவார்! ஆகவே வழக்கொழிந்த பெயரைப் பட்டியலிலிருந்து அழிக்காமல், புதிதாகத் தேர்ந்தெடுக்க முடியாதபடி மட்டும் வைக்க வேண்டும். பழைய பதிவில் அது அப்படியே நிற்கட்டும்.

பின்கோடை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று தம்பி ஒருவர் காலையில் கேட்டார். காந்திபுரம் 641012 கோவைதான், சரி. ஆனால் பின்கோடு 1972-இல் தபால் பட்டுவாடாவுக்காக வந்தது. மாவட்ட எல்லையைப் பார்த்துப் போட்டதல்ல. ஊகத்துக்கு உதவும், முடிவுக்கு உதவாது.

சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போவதாகச் செயலாளர் சொன்னார். இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் இரண்டு பேர் கிடைத்தால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள்.