கடவுச்சொல் கேட்கும் நூலகம்

 

இன்று ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் நினைவாக நாடு கொண்டாடும் நாள். அவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போக நாம் இந்தக் குமணன்சாவடியில் கூடவில்லை. அவர் திறந்துவிட்ட கதவு இன்று யாருக்குத் திறக்கிறது, யார் முன்னால் மூடிக்கொள்கிறது என்று கேட்கக் கூடியிருக்கிறோம்.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுவர்களும் பொது நூலகத்துக்குள் உரிமையோடு நுழைவதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் வாசகரே அலமாரி வரை சென்று புத்தகத்தைத் தேடி எடுக்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். 1931இல் தம்முடைய ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அந்த விதிகளின் சாரம் எளிது. நூல்கள் பூட்டி வைக்கப்பட அல்ல, படிக்கப்படவே இருக்கின்றன. படிக்க வந்தவர் எவராயினும் அவருக்கு உரியது கிடைத்தாக வேண்டும். அவரைக் காக்க வைக்கக் கூடாது. காலம் வளர வளர நூலகமும் வளர வேண்டும்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போனது. 1936இல் பல்கலைக்கழக நூலகம் சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடத்துக்குக் குடியேறியது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. கடைசியில் அந்த மனிதர் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை நூலகவியல் கல்விக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். தம் வாழ்நாள் சேமிப்பை வேலை பார்த்த இடத்துக்கே திருப்பித் தந்தவரை வணங்காமல் மேலே பேச எனக்கு மனம் வரவில்லை.

பெரியோர்களே, பல்கலைக்கழக நூலகம் இன்று எப்படி இருக்கிறது? எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போய்ப் பாருங்கள். நூற்பட்டியல் அட்டைகள் வைத்திருந்த இடத்தில் கணினி இருக்கிறது. தைத்துக் கட்டிய ஆய்விதழ்த் தொகுதிகளின் இடத்தில் மின்னிதழ்கள் வந்துவிட்டன. ஆய்வேட்டில் எவ்வளவு பிறருடைய எழுத்து என்று சோதித்துச் சொல்வதும் இன்று நூலகரின் வேலை. 2009ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி வந்தது முதல் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் தரப்படுகின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் அவை லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் ஒரே ஒரு படியாகப் பல்கலைக்கழகத்தில் தூசி படிந்து கிடந்த ஆய்வை, இன்று நம் டிரங்க் ரோட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் காசில்லாமல் படிக்கலாம். இந்த மாற்றத்தை நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன்.

ஆனால் மாற்றத்தின் மறுபக்கத்தையும் பேச வேண்டும். அச்சில் வந்த ஆய்விதழுக்குச் சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் அலமாரியில் இருக்கும். மின்னிதழ் அப்படியல்ல. பல ஒப்பந்தங்களில் நாம் வாங்குவது இதழை அல்ல, பார்க்கும் அனுமதியை. பணம் நின்றால் அனுமதி நிற்கும். அந்த அனுமதியும் அடையாள அட்டையும் கடவுச்சொல்லும் உள்ளவருக்கு மட்டும்தான். பட்டம் பெற்று வெளியே வந்த மறுநாளே பழைய மாணவருக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. அலமாரியைத் திறந்துவிட்டார் ரங்கநாதன். நாம் திரையில் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

இந்தப் பூட்டை உடைக்க ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 நிறுவனங்கள். நல்ல திட்டம். ஆனால் அதில் முதலில் இடம் பெற்றவை மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும்தான். ஆவடியிலிருந்து திருமழிசை வரை நம்மைச் சுற்றிலும் இருப்பவை பெரும்பாலும் என்ன கல்லூரிகள்? தனியார் கல்லூரிகள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய அப்பா அம்மாவின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அவர்களும் இந்த நாட்டின் மாணவர்கள்தானே? அவர்களுடைய பெற்றோரும் வரி கட்டுகிறவர்கள்தானே?

இன்னொரு செய்தி, நம் ஊருக்கே உரியது. பக்கத்தில் பூவிருந்தவல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள்தான் கண். அவர்களுக்காக 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக்கொள்ள இனி யாருடைய அனுமதியும் தேவையில்லை. பார்வையற்றோருக்கு நூல்கள் எட்ட வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவு இருக்கிறது. சட்டம் இருக்கிறது, கருவி இருக்கிறது. குறை எங்கே? தமிழ் ஆய்வேடுகள் பலவும் வெறும் படமாக வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. படத்தை அந்த மென்பொருள் படிக்காது. இன்னும் பல, பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. நகலெடுத்தால் வெறும் குறியீடுகள்தான் வரும். தமிழுக்கு ஒருங்குறியைப் பயன்படுத்தத் தமிழக அரசு 2010இலேயே ஆணையிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் சங்க இலக்கியம் படிக்கும் ஒரு பார்வையற்ற மாணவிக்கு, தமிழில் எழுதிய ஆய்வு தமிழ்நாட்டிலேயே எட்டவில்லை என்றால், அந்தக் குறையை அவள் மேலா ஏற்றுவது?

வடிவம் மாறும்போது மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் நம் மேற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை மனிதராகச் சேர்த்த நூல்களை, அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. 1994இல் இங்கேயே நூலகம் அமைந்தது. தொடக்கக் காலத்தில் அது இயங்கிய இடம் நம் முகப்பேர். நூல்கள் நுண்படச்சுருளில் ஏறின. மூலம் தமிழ் மண்ணில் நின்றது, படி உலகத்துக்குப் போனது. இன்று தரமணியில் அந்த நூலகம் செயல்படுகிறது. ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு அப்பாலும் பொறுப்பேற்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த மேடையிலிருந்து வைக்கிறேன்.

முதலாவது, பல்கலைக்கழகங்களுக்கு. நேரில் வருகிறவர் நூலகத்துக்குள் அமர்ந்து மின்னிதழ்களைப் படிக்கலாம் என்ற பிரிவைச் சந்தா ஒப்பந்தத்தில் சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய மாணவருக்கும் தனியார் கல்லூரி மாணவருக்கும் மாலை நேரத்தில் நாலு கணினிகளை ஒதுக்குங்கள்.

இரண்டாவது, தமிழ்த் துறைகளுக்கு. இனி வரும் ஒவ்வொரு தமிழ் ஆய்வேடும் ஒருங்குறியில் வரட்டும். பழையவற்றைப் படிக்கத்தக்க எழுத்தாக மாற்றும் பணியில் மாணவர்களை ஊதியம் தந்து ஈடுபடுத்துங்கள்.

மூன்றாவது, நம் நூலக ஆணைக்குழுவுக்கு. நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பல்கலைக்கழக நூலகம் இருக்கும் சேப்பாக்கம் இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எல்லோராலும் அங்கே போய்வர முடியாது. நம் பகுதிக் கிளை நூலகத்தில் இணைய வசதியோடு கணினிகள் வேண்டும். சோத்கங்காவும், தேசிய மின்னூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அனைவருக்கும் இலவசம். அவற்றைத் திறந்து, தேடி, எடுத்துக் காட்டப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர் வேண்டும். எந்தக் கருவி வந்தாலும், தேடி வந்தவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் மனிதர் இல்லாமல் நூலகம் இல்லை.

இந்த மூன்றும் எழுதப்பட்ட மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திடுங்கள். கையெழுத்தோடு நின்றுவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினர் ஆகுங்கள். வாசகர் நிறைந்த நூலகத்தின் கோரிக்கையை எந்த அரசும் தள்ளிவிட முடியாது.