வேலைகளைத் தொகுத்து வைக்கும் முறை

(நம் சங்கத்தின் கடலூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் சங்கம் இவ்வாண்டு மேற்கொண்டுள்ள வேலைகள் பதினொன்று. சிதம்பரத்து மாணவர் விடுதியைப் பழுதுபார்த்தல், கடலூர் மண்டபத்துக்குக் கூரை அமைத்தல், கல்லூரி மாணவர்க்குக் கட்டண உதவி, புயற்கால உதவி முதலியன அவை. சென்ற ஆண்டு இத்தகைய வேலைகள் யாவும் ஒரே நீண்ட பட்டியலாய்க் கிடந்தன. அதனால் விளைந்தது யாது? யாவரும் கூரை வேலையில் முனைந்திருக்க, கட்டணம் செலுத்தும் கடைசி நாள் கடந்துவிட்டது. மாணவி ஒருத்தி ஓராண்டுப் படிப்பை இழந்தாள். பணம் பெட்டியில் இருந்தது, நினைவூட்டுவார்தாம் இலர். அப்பிழையில் எமக்கும் பங்குண்டு.

தொகுத்தல் சிதம்பரத்தார்க்குப் புதிதன்று. தில்லைக் கோயிலில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை மீட்டு நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபு. சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்று திருமுறைகள். அப்பர் பாடல்கள் அடுத்த மூன்று. சுந்தரர் பாடல்கள் ஏழாவது. பாடியவர் யாவர் என்னும் நெறியாற் பகுத்தமையின் ஒரு பதிகம் ஈரிடத்து வருவதில்லை. ஊர்வழித் தேடுவார்க்குத் தலமுறைப் பதிப்புக்கள் தனியே உள.

இந்நெறியே இக்காலத்துக் கணினிச் செயலிகளிலும் காணப்படுகின்றது. 1996-இல் தொடங்கப்பெற்ற, தமிழ்நாட்டிலிருந்து இயங்கும் ஸோஹோ நிறுவனத்தின் 'ஸோஹோ புராஜெக்ட்ஸ்' 2006-இல் வெளிவந்தது. அதிற் பல திட்டங்களை ஒரு குழுவின்கீழ்த் தொகுக்கலாம். ஊர் முதலிய பிற அடையாளங்களைக் குறிச்சொற்களாக இணைக்கலாம்.

யாம் முதலிற் கடலூர், சிதம்பரம் என ஊரால் இரண்டு குழுக்கள் அமைத்தோம். அது பொருந்தவில்லை. கட்டண உதவி ஈரூரிலும் உண்டாதலின் ஒரே வேலை இரண்டாகப் பிளவுபட்டது, கணக்கும் பிரிந்தது. பின்னர்க் கல்வி, கட்டடம், இடர் உதவி என நோக்கத்தால் மூன்றாக்கி, ஊர்ப்பெயரைக் குறிச்சொல்லாக வைத்தோம். உடனே இரண்டு செய்திகள் புலப்பட்டன.

ஒன்று: பதினொரு வேலைகளுள் ஏழில் ஒருவர் பெயரே பொறுப்பாளராக நின்றது. அவர் எதனைத்தான் நினைவிற் கொள்வார்? மற்றொன்று: புயற்கால உதவிக்குப் பொருள் சேர்க்கும் நாள் தையிற் குறிக்கப்பட்டிருந்தது. ஆழிப்பேரலை வந்தது 26-12-2004. தானே புயல் கரையைக் கடந்தது 30-12-2011. இரண்டும் மார்கழியில் நேர்ந்தவை. ஆதலின் அந்நாளை ஐப்பசிக்கு மாற்றினோம்.

அன்பர்காள்! குழுக்கள் சிலவாகவே இருத்தல் வேண்டும். 'பலவகை' என்றொரு குழு வேண்டா. பழைய பட்டியலே அப்பெயரில் மீண்டும் வளரும். முடிந்த வேலைகளை அவ்வப்போது தனியே எடுத்து வைத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் வாரந்தோறும் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். பாராதார்க்கு எச்செயலியும் உதவாது.

கட்டடக் குழுவுக்கும் இடர் உதவிக் குழுவுக்கும் பொறுப்பாளர் கிடைத்துள்ளனர். கல்விக் குழுவுக்கு இன்னும் ஒருவரும் முன்வந்திலர். அம்மாணவி இவ்வாண்டு மீண்டும் சேர்ந்துள்ளாள். அவள் கட்டண நாளே அக்குழுவில் முதலில் நிற்கின்றது. இக்கூட்டம் கலையுமுன் கணினி பயின்ற இளைஞர் ஒருவர் தம் பெயரைத் தருமாறு வேண்டி அமைகின்றோம்.