இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்

(எமது சங்கத்தின் மார்கழி மாதக் கலந்துரையாடலில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இசையைப் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் அண்ணர் கேட்டார். "அண்ணை, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஏ.எல். மட்டும் படிச்சனான், அதுவும் வர்த்தகப் பிரிவு" என்றேன். "சங்கீதம் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் பேசி முடிச்சிட்டினம். சும்மா கேக்கிற ஆள் ஒருத்தர் பேசட்டுமே" என்றார். ஆகவே இன்று நான் சொல்லப்போவது ஆராய்ச்சி அல்ல. பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிற ஒருவனுக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்ற கதைதான்.

வெள்ளைக்காரரும் கறுப்பின மக்களும் ஆண்டுக்கணக்காகப் போற்றும் சில பழைய ஆல்பங்களை எடுத்திருக்கிறேன். ஆல்பம் என்றதும் எங்கட சனத்துக்குக் கலியாண ஆல்பம்தான் ஞாபகம் வரும். அதுவும் சரிதான். அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம்தான் ஓடும். நீளமான இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புத்தகம் மாதிரிக் கட்டிய உறைகளில் போட்டு விற்றார்கள். படம் ஒட்டுகிற ஆல்பம் போல இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றும் நீண்ட இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாற்பது நிமிடம் சொச்சம். முதல் பக்கம் முடிந்ததும் ஒருவர் எழும்பிப் போய்த் தட்டைப் பிரட்டிப் போட வேண்டும். இந்தப் பிரட்டலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு வருகிறேன்.

எங்களுக்கு இந்தப் பழக்கம் குறைவு. நாங்கள் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். நல்ல பாட்டு எது என்று பொறுக்கி எடுத்து, ஒரு கசெற்றில் பதிந்து கேட்பவர்கள். ஒரு முழு ஆல்பத்தை ஒரு கதைபோல இருந்து கேட்பதற்கு எங்களிடம் கிடைத்த முக்கியமான ஒன்று, இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் ரு நேம் இற்'. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக அவர் செய்த வாத்திய இசை அது. அதைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த ஆல்பங்கள் வந்து சேர்ந்த வழி மலிவான வழி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சரிற்றிக் கடையில் ஒரு இறுவட்டு 50 பென்ஸ். ஒரு பழைய பிளேயரும் அங்கேதான் வாங்கினேன். வேலைத்தலத்தில் பெல்ற் ஓடும்போது காதில் எதுவும் போடக்கூடாது. அது பாதுகாப்புச் சட்டம். ஆனால் விடிய வேலை முடிந்து வீடு வர எனக்கு இரண்டு பஸ், முக்கால் மணித்தியாலம். ஒரு ஆல்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான நேரம்.

முதலில் பீற்றில்ஸ். 1967இல் வந்த 'சார்ஜன்ற் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்'. உலகத்தின் மிகச் சிறந்த ஆல்பம் இதுதான் என்று பட்டியல் போட்டவர்கள் நிறையப் பேர். லண்டன் அபி றோட் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஒரே நேரத்தில் நான்கு தடங்கள் மட்டும் பதியக்கூடிய கருவியை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக உழைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் என் அபிப்பிராயம்: உடுப்பும் சோடனையும் கொஞ்சம் கூடிப்போன கலியாண வீடு அது. கடைசிப் பாட்டு 'எ டே இன் த லைவ்' மட்டும் என்னை உலுக்கியது. மற்றவற்றைக் கேட்டுச் சிரித்தேன், ரசித்தேன், மறந்துவிட்டேன்.

இதில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு ஜோர்ஜ் ஹரிசனுடையது. தில்ருபா, தபேலா, தம்புரா எல்லாம் கேட்கும். வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள். உறையில் பாட்டு வரிகள் முழுவதையும் அச்சடித்தார்கள். அந்தக் கலைஞர்களின் பெயர்களை அச்சடிக்கவில்லை. பெயர் இல்லாமல் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது கண்ணில் குத்தும்.

அடுத்தது பிங்க் புளொயிட் குழுவின் 'த டார்க் சைட் ஒவ் த மூன்', 1973 மார்ச் மாதம் வந்தது. இதுவும் அபி றோட்டில் செய்ததுதான். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் எழுநூறு வாரங்களுக்கு மேல் இருந்த தட்டு. இதயத் துடிப்போடு தொடங்கி இதயத் துடிப்போடு முடியும். நேரம், காசு, பைத்தியம், சாவு ஆகியவைதான் விஷயம். இரவு வேலை செய்கிறவனுக்கு இதைவிட வேறென்ன விஷயம் இருக்கிறது? 'ரைம்' என்ற பாட்டின் தொடக்கத்தில் மணிக்கூடுகள் எல்லாம் ஒன்றாக அலறும். பஸ்ஸில் நித்திரை தூங்கிக்கொண்டிருந்த நான் துள்ளி எழும்பினேன். பக்கத்தில் இருந்த கிழவியும் துள்ளி எழும்பினா.

'மணி' என்ற பாட்டில் சில்லறை விழுகிற சத்தம், கடதாசி கிழிகிற சத்தம், கடைக் கல்லாவின் சத்தம் எல்லாம் தாளமாக வருகின்றன. இன்றைக்குக் கணினியில் ஒரு நிமிட வேலை. அன்றைக்கு ஒலிநாடாவை அளந்து வெட்டி ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். பாட்டைக் கேட்டு மகளின் மிருதங்க ரீச்சர் கையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஏழு எல்லோ, மிஸ்ரசாபு மாதிரி" என்றார். வெள்ளைக்காரன் காசை ஏழாக எண்ணுகிறான் என்று விளங்கியது. இடையில் கிற்றார் தனியாக வரும்போது மட்டும் தாளம் நாலுக்கு மாறும்.

இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பேர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒருவர் அந்தக் கூடத்தின் வாயிற்காவலாளி ஜெரி ஓ'டிறிஸ்கொல். அட்டைகளில் கேள்விகளை எழுதிக் கொடுத்து, அங்கே நின்றவர்களின் பதிலைப் பதிந்தார்கள். ஆல்பத்தின் முடிவில் கேட்கும் குரல் அந்தக் காவலாளியுடையது. மற்றவர் கிளெயர் ரொறி என்ற பெண். சொல்லே இல்லாமல், அழுவதுபோல, பிரசவ வேதனைபோல ஒரு பாட்டு முழுவதையும் பாடினா. ஞாயிற்றுக்கிழமை வேலை என்றபடியால் இரட்டைச் சம்பளம், 30 பவுண். பாடியவர் என்று உறையில் பெயர் போட்டார்கள், ஆனால் ஆக்கியவர் என்ற இடத்தில் போடவில்லை. 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் இணக்கமாக முடிந்து, அதன் பிறகே அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவவுக்கும் பங்கு என்று ஏற்றுக்கொண்டார்கள். முப்பது வருசம் கழித்தும் தன் கூலியைக் கேட்டா. அந்த அம்மாவுக்காகவே இதை இன்னும் நூறு தரம் கேட்கலாம்.

மைக்கல் ஜக்சனின் 'திறிலர்', 1982. எங்கள் வேலைத்தலத்தில் போலந்துக்காரர், சோமாலியர், வங்காளிகள், நாங்கள் என்று பல சாதி ஆக்கள். சாப்பாட்டு அறை வானொலியில் எது போனாலும் ஒருத்தர் முகம் சுழிப்பார். இதற்கு மட்டும் ஒருவரும் சுழிப்பதில்லை. ஒன்பது பாட்டில் ஏழு பாட்டைத் தனித்தனி இசைத்தட்டாகவும் வெளியிட்டார்கள். 'பீற் இற்' பாட்டுக்குக் கிற்றார் வாசித்த எடி வான் ஹேலன் காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார். ஆனால் இதை ஒரு கதையாக என்னால் கேட்க முடியவில்லை. ஒன்பது நல்ல பலகாரம் வைத்த தட்டு. அதில் 'த கேள் இஸ் மைன்' என்ற பலகாரத்தை நான் தொடுவதில்லை.

அதே 1982இல் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 'நெப்றாஸ்கா' என்று ஒன்று செய்தார். பெரிய பாடகர், பெரிய குழு. ஆனால் இதை வீட்டு அறையில் தனியே இருந்து, சாதாரணக் கசெற்றில் நான்கு தடம் பதியும் ஒரு சிறிய கருவியில் பாடி வைத்தார். பிறகு குழுவோடு கூடத்துக்குப் போய்த் திரும்பப் பாடிப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் பொக்கற்றில் போட்டுத் திரிந்த அந்தக் கசெற்றையே தட்டாக்கினார்கள். இரைச்சலோடு கூடிய அந்தக் குரல் எங்களுக்குப் புதிதல்ல. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரும் களைப்பார். வெளிநாட்டில் இருந்த மாமா கசெற்றில் பேசி அனுப்பியதை வீடு முழுக்கச் சுற்றி இருந்து கேட்டோம். ஒலி துப்புரவாக இருக்க வேண்டும் என்று அன்று யார் பார்த்தது? ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் பார்த்தோம். 'நெப்றாஸ்கா'வை அந்தக் காதோடுதான் கேட்டேன். வேலை இழந்தவன், குற்றம் செய்தவன், இரவில் கார் ஓட்டிப் போகிறவன் என்று ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ஆனால் மழைக்கால விடியலில் கேட்கவேண்டாம், மனம் பாரமாகிவிடும்.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் ஆல்பம். பொப் மார்லியும் வெய்லர்ஸ் குழுவும் 1977 யூனில் வெளியிட்ட 'எக்சோடஸ்'.

இதை எனக்குத் தந்தவர் எங்களோடு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஜமெய்க்காப் பெரியவர். "பெயரின் கருத்து தெரியுமா?" என்று கேட்டார். சனம் கூட்டமாக ஊரைவிட்டுப் புறப்படுவது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

இந்தத் தட்டின் பின்கதை இதுதான். 1976 டிசம்பர் 3ஆம் திகதி, கிங்ஸ்ரன் நகரில் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கிக்காரர் புகுந்து சுட்டார்கள். அவருக்கும் மனைவிக்கும் முகாமையாளருக்கும் காயம். இரண்டு நாளில், காயத்தோடு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கச்சேரியில் ஏறிப் பாடிவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். 1977 தொடக்கத்தில் லண்டன் வந்து இங்கே இருந்துதான் இந்தப் பாட்டுகளைப் பதிந்தார். அவர் அப்போது இருந்த செல்சி ஓக்லி தெரு வீட்டில் 2019இல் நீல நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

சுடப்பட்டு, ஊரை விட்டு வந்த மனிதன் என்ன பாடுவான்? முதல் பக்கம் நாங்கள் எதிர்பார்ப்பதுதான். காற்றில் ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம், பழி சொன்னவர்கள்மேல் கோபம், குற்றவாளிகளைப் பற்றிய எச்சரிக்கை, கடைசியில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பெரும் நடை. பிறகு தட்டைப் பிரட்டவேண்டும். பிரட்டினால் ஆட்டம்! 'ஜாமிங்'. அதன்பின் இரண்டு காதல் பாட்டு. அடுத்து, வாசற்படியில் வந்திருக்கும் மூன்று குருவிகளைப் பற்றி ஒரு பாட்டு. முடிவில் 'வண் லவ்'.

"இரண்டாம் பக்கத்தில் கோபத்தை மறந்திட்டாரோ?" என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "மறக்கிறதெண்டால் முதல் பக்கத்தை ஏன் போடுறார்?" என்றார். இந்தக் கதையைச் சொல்லத்தான் நான் இன்று மேடை ஏறினேன்.

1999இல் ரைம் சஞ்சிகை இதை இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஆல்பமாகத் தெரிவு செய்தது. அந்தத் தெரிவில் சண்டை பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். 1978 ஏப்ரலில் மார்லி திரும்பிப்போய், கிங்ஸ்ரன் மேடையில் எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் இருவரின் கைகளையும் பிடித்துச் சேர்த்து உயர்த்தினார். அதனால் மட்டும் அங்கே சுடுவது நிற்கவில்லை. 1981இல் நோயால் இறக்கும்போது அவருக்கு வயது 36. எனக்கும் இப்போது அதே வயதுதான். நான் செய்த சாதனை பாண் அடுக்கியது. அது கிடக்கட்டும்.

சபையோரே, எங்கட விழாக்களை எண்ணிப் பாருங்கள். நாங்கள் இழந்தது பெரிது. 2009ஐ மறக்கும்படி இங்கே ஒருவரும் சொல்லமுடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் முதல் பக்கம் மட்டும். துக்கம், கோபம், நடை. பிறகு அந்தப் பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தங்கட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், "எங்கட கதையில அக்கறை இல்லை" என்று குறைப்படுகிறோம். ஊரில் எங்களுக்கு இரண்டாம் பக்கம் இல்லையா? கோயில் திருவிழாவுக்கு மறுநாள் கச்சான் கோது மிதித்து நடந்தது, சைக்கிள் பாரில் சிநேகிதனை ஏற்றிக்கொண்டு கத்திப் பாடியது, பங்கருக்குள் இருந்து அப்பா சொன்ன பகிடிக்குச் சிரித்தது, இவையும் எங்கட வரலாறுதானே. அதைச் சொல்ல நாங்கள் ஏன் வெட்கப்படுகிறோம்?

ஒரு சிறிய யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டு முன்னறையில், பிள்ளை தெரிவு செய்த ஒரு ஆல்பம், பெற்றோர் தெரிவு செய்த ஒரு ஆல்பம். இரண்டையும் இருந்து முழுமையாகக் கேட்பது. இடையில் நிறுத்தக்கூடாது, பகிடி பண்ணக்கூடாது, முடிந்த பிறகு அபிப்பிராயம் சொல்லலாம். எங்கள் வீட்டில் ஐந்து மாதமாக நடக்கிறது. மகள் போட்ட ஒன்றை என்னால் தாங்க முடியவில்லை. நான் போட்ட 'நெப்றாஸ்கா'வுக்கு அவள், "அப்பா, இந்த மனுசன் ஆரோடையாவது கதைச்சால் நல்லம்" என்றாள். அன்று கேட்டு முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தோம். இந்த நாட்டுக்கு நான் வந்த வழியை முதல்தரமாக அவள் அன்றுதான் கேட்டாள்.

என்னுடைய பட்டியலோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. பீற்றில்ஸ் ரசிகர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.