ஒற்றுப்பிழை பார்த்தேன், சர்வே நம்பர் பார்க்கவில்லை

(பட்டிமன்றத் தலைப்பு: கூட்டு மனைத் திட்டங்களில் மக்கள் பணத்தை இழக்கக் காரணம் பேராசையா? அறியாமையா? ‘அறியாமையே’ என்ற அணியில் பேசியது.)

எதிரணியில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துப் புன்னகை பூத்துக்கொண்டிருக்கிற நண்பர்களே, பண்டிகை நாளும் அதுவுமா வடைச் சட்டியை அடுப்புல வச்சுட்டு டி.வி. முன்னால வந்து நிக்கிற தாய்மார்களே, அடுப்பைக் குறைச்சு வச்சுட்டு வாங்கம்மா. நான் பத்து நிமிஷம் பேசுவேன். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டார். “ஆறு வருஷத்துல இரட்டிப்புன்னு சொன்னா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடுறீங்களே, அது பேராசை இல்லாம வேற என்ன?” அப்படின்னார். நீங்களும் தட்டுனீங்க கையை. தட்டுங்க, வேண்டாங்கல. ஆனா ஒரு சின்னக் கணக்கு. எழுபத்திரண்டை வட்டியால வகுத்தா எத்தனை வருஷத்துல பணம் இரட்டிப்பாகும்னு ஏறக்குறைய வந்துடும். ஒன்பது வட்டின்னா எட்டு வருஷம். பன்னிரண்டு வட்டின்னா ஆறு வருஷம். ஒன்பதுக்குப் பன்னிரண்டு கிடைக்குதேன்னு நினைக்கிறது பேராசையா? காய்கறிக்காரர்கிட்ட கொசுறு கருவேப்பிலை கேட்கிற அளவு ஆசைதான் அது! ஏமாத்துறவன் கெட்டிக்காரன் ஐயா. ‘ஆறு மாசத்துல பத்து மடங்கு’ன்னு சொன்னா நீங்க விரட்டிடுவீங்கன்னு அவனுக்குத் தெரியும். நியாயமான ஆளு மாதிரி வந்து, நியாயமான ஒரு தொகையைத்தான் சொல்லுவான்.

நிலத்துக்கு ஆசைப்படுவதே தப்பு என்பது போல எதிரணியில் பேசினார்கள். பாரதி காணி நிலம் கேட்டானே! ஒரு காணி என்பது 1.32 ஏக்கர். இன்றைக்குச் சென்னையில் 1.32 ஏக்கர் கேட்டால் அவனைப் பேராசைக்காரன் என்று இவர்களே சொல்லிவிடுவார்கள். நல்ல வேளை, அவன் பராசக்தியிடம் கேட்டான். தரகரிடம் கேட்கவில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஊர்க்கதை போதும். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. எனக்கும் அவங்களுக்கும் பதினைந்து வயசு வித்தியாசம். நான் எம்.ஏ. படிக்கும்போது பரீட்சைக்குப் பணம் கட்டினவங்க அவங்கதான். 2011-இல் ஓய்வு பெற்றார்கள். கைக்கு வந்த பணத்தில் மூன்று லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அப்போது எங்கள் சித்தப்பா மகன் ஒரு வழவழப்பான புத்தகத்தோடு வந்தான். சிவகங்கைப் பக்கம் நாற்பது ஏக்கர் பண்ணை நிலம். மாந்தோப்பு வரப்போகுது. ஒரு யூனிட் இருபத்தையாயிரம். பன்னிரண்டு யூனிட் போட்டா மாசாமாசம் கொஞ்சம் கையில வரும். ஆறு வருஷம் கழிச்சுப் பணம் இரட்டிப்பா, இல்லேன்னா அந்த மதிப்புக்கு மனை. அக்கா அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். “தம்பி, நீ படிச்சவன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுடா.”

நான் பார்த்தேன் ஐயா. முழுக்கப் பார்த்தேன். ‘முதலீட்டு திட்டம்’னு போட்டிருந்தான். நடுவுல ‘த்’ இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ‘முதலீட்டுத் திட்டம்’னு திருத்தினேன். ஒன்பது பக்கத்துல பதினான்கு ஒற்றுப்பிழை கண்டுபிடிச்சேன். (சிரிப்பு) திருத்திக் கொடுத்துட்டு, “விஷயம் நல்லாத்தான்க்கா இருக்கு, தமிழ்தான் சரியில்ல”ன்னு சொன்னேன். (பலத்த சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. எங்க அக்கா அந்தச் சொல்லை நம்பி மூணு லட்சத்தைக் கட்டினாங்க.

அந்த ஒன்பது பக்கத்தில் சர்வே நம்பர் இல்லை. பட்டா யார் பேரில் என்று இல்லை. பதினோராவது பிரிவில், ‘நிறுவனம் தன் விருப்பப்படி வேறு இடத்தை மாற்றித் தரலாம்’ என்று இருந்தது. அதில் ஒரு பிழை இருந்தது, அதையும் திருத்தியிருக்கிறேன்! படித்தேன், திருத்தினேன், புரியவில்லை. எழுத்தறிவு வேற, பத்திர அறிவு வேறங்கிறது ஒரு டாக்டர் பட்டம் வாங்கினவனுக்குத் தெரியல. இதை என்னன்னு சொல்வீங்க? எனக்கு அதில் ஒரு பைசா ஆசை கிடையாது, என் பணமே கிடையாது. ஆசையே இல்லாதவன் தலையாட்டினானே, அது ஏன்?

பதினான்கு மாசம் பணம் வந்துச்சு. அது எப்படி வந்துச்சுன்னு இப்ப எனக்குப் புரியுது. நீங்க நூறு ரூபாய் கொடுக்குறீங்க. அதுல இருபது ரூபாய் தரகுக்கும் ஆபீஸ் வாடகைக்கும் வழவழப்புப் புத்தகத்துக்கும் போச்சுன்னு வைங்க. மிச்சம் எண்பது. அந்த எண்பதுதான் ஆறு வருஷத்துல இருநூறா வளரணும். இரண்டரை மடங்கு! எந்த மாமரம் ஐயா அப்படிக் காய்க்கும்? அதனால உங்களுக்கு மாசாமாசம் வந்த பணம் தோப்பிலிருந்து வந்ததில்லை. உங்களுக்கு அடுத்துச் சேர்ந்தாரே ஒரு மாமியார், அவங்க போட்ட பணம். நீங்க கட்டினதுலயே ஒரு துண்டு. புது ஆள் வர்றது நின்ன அன்னிக்கு ஆபீஸ்ல பூட்டு.

பூட்டைப் பார்த்த பிறகுதான் நிலத்தைப் பார்க்கப் போனோம், அக்காவும் நானும். பலகை மட்டும் நின்னுது. ஒருத்தர் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தார். “இந்த நாற்பது ஏக்கர் தோப்பு...”ன்னு இழுத்தேன். அவர் சொன்னார்: “சார், மழை பேஞ்சா இதுல பாதி தண்ணிக்குள்ள போயிரும். இது கம்மாய் சார்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கண்மாயை எப்படிங்க வித்தாங்க?” அவர் நிதானமாச் சொன்னார்: “விக்கலையே சார். காட்டுனாங்க. அம்புட்டுத்தான்.” (கைதட்டல்)

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டோம். நிறுவனத்தின் பேரில் பட்டா நாலு ஏக்கருக்கும் குறைவு. ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அக்கா திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. “நீ படிச்சவன்னுதானேடா கேட்டேன்.” (அமைதி)

அந்தச் சித்தப்பா மகனைத் திட்டலாம்னா, அவன் தன் மனைவி நகையையும் அதிலேதான் போட்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். இந்தத் திட்டங்களெல்லாம் பத்திரிகை விளம்பரத்தால் மட்டும் பரவுவதில்லை. மச்சான், மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று உறவுமுறை வழியாகப் பரவுகிறது. உறவுக்காரனிடம் போய் வில்லங்கச் சான்று கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

நான் தமிழ்ப் பேராசிரியர், சிலம்பைத் தொடாமல் என்னால் இறங்க முடியாது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு என்ன பேராசை? தேவியின் சிலம்பு காணாமல் போச்சு. ஒரு பொற்கொல்லன் வந்து ‘இதோ கள்வன்’ என்றான். சொன்னவன் அரண்மனைக்கு வேண்டிய ஆள். அரசன் நம்பினான். அந்தச் சிலம்புக்குள்ளே முத்தா, மாணிக்கமா என்று ஒரு தடவை உடைச்சுப் பார்த்திருந்தால்? கோவலன் பிழைத்திருப்பான், மதுரையும் பிழைத்திருக்கும். கடைசியில் உடைச்சது கண்ணகி. அதற்குள் எல்லாம் முடிந்துபோனது. எங்க வீட்டுல சிலம்பை உடைச்சது ஒரு ஆட்டுக்காரர்.

எதிரணித் தலைவர் கேட்கலாம், “சட்டம் இருக்கே, கேட்டிருக்கலாமே?” என்று. இருக்கு ஐயா. 1990-களில் தேக்கு மரத் திட்டம் என்று எத்தனை குடும்பம் பணத்தைப் போட்டு இழந்தது! அதன் பிறகுதான் 1999-இல் செபி அமைப்பு கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பலர் பணத்தைச் சேர்த்து, லாபம் தருகிறேன் என்று சொல்லி, நிர்வாகத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறவர் செபியில் பதிவு செய்யணும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கம்பெனிப் பதிவுச் சான்றிதழை மாட்டியிருப்பான். நாம அதைப் பார்த்துட்டு ‘கவர்ன்மென்ட்டே சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கு’ன்னு கும்பிடுறோம். அம்மா, அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிள்ளை பிறந்திருக்குன்னு சொல்லும். பிள்ளை நல்லவன்னு சொல்லாது! (பலத்த கைதட்டல்)

விவசாய நிலம் என்று சொல்லி நாடு முழுக்கப் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்துக்கு, 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடு என்று 2014 ஆகஸ்டில் செபி உத்தரவு போட்டது. போட்டவர்கள் ஐந்து கோடிப் பேருக்கு மேல். அதைப் பிரித்துக் கொடுக்க 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி லோதா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐந்து கோடிப் பேரும் பேராசைக்காரர்களா? பெரும்பாலும் சிறுகச் சிறுகக் கட்டிய சாதாரண ஜனங்கள்.

அடுக்குமாடி வீட்டிலும் இதே கதைதான். நொய்டா பக்கம் ஆம்ரபாலி திட்டங்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவர்கள் கட்டிய பணம் வேறு வேறு இடத்துக்குத் திருப்பிவிடப்பட்டது என்று சொல்லி, அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யைக் கட்டிக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2019 ஜூலையில். குடியிருக்க ஒரு வீடு கேட்டவன் பேராசைக்காரனா, சகோதரி?

2016-இல் வந்த ரெரா சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேலே, அல்லது எட்டு வீட்டுக்கு மேலே என்றால் திட்டத்தைப் பதிவு செய்யணும். வாங்குகிறவர் கொடுத்த பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனி பேங்க் கணக்கில் போட்டு, அந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டுமே எடுக்கணும். பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்டால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யணும். இது உங்கள் பக்கம் இருக்கிற சட்டம். ஆனால் ரெரா எண் இருந்தால் மட்டும் வீடு வந்துவிடாது. அந்த எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தால்தான் எந்தத் தேதிக்குள் முடிப்பதாகச் சொன்னான் என்று தெரியும்.

வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதியாமல் கைமாறிய ஒப்பந்தம் வராது, பங்காளிச் சண்டையும் வராது. அதுக்கு நீங்க ஊருக்குள்ள போய் டீக்கடையில உட்காரணும். (சிரிப்பு)

கூட்டாகச் சேர்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கட்டி முடித்து வாடகை வருகிற கட்டடங்களில் பங்குபோல வாங்குகிற ரெயிட் திட்டங்கள் செபி கண்காணிப்பில் நடக்கின்றன. நம் நாட்டில் முதலாவது 2019-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதிலும் விலை இறங்கும். இறங்கினால் இறங்கியது கண்ணுக்குத் தெரியும், வேண்டாமென்றால் சந்தையில் விற்றுவிட்டு வெளியே வரலாம். எங்க அக்கா பத்திரத்துல வெளியே வர வழியே கிடையாது. உள்ள போற கதவு மட்டும்தான்.

அந்தப் பணம் என்னாச்சுன்னு கேட்பீங்க. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். முதலீட்டாளர் நலனுக்காக 1997-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கு. வழக்கு நடக்குது. இதுவரைக்கும் கைக்கு வந்தது 41,000 ரூபாய்.

அக்காவுக்கு இப்போது எழுபதைத் தாண்டியாச்சு. போன மாசம் டை கட்டின ஒரு பையன் வீட்டுக்கு வந்திருக்கான். மலைப் பிரதேசத்துல ஓட்டல் கட்டுறோம், ஆளுக்கொரு ரூம்ல பங்கு, மாச வாடகை நிச்சயம்னு படத்தைக் காட்டியிருக்கான். அக்கா காப்பி கொடுத்து உட்கார வச்சு, “சர்வே நம்பர் என்ன தம்பி?”ன்னு கேட்டிருக்காங்க. “ஆபீஸ்ல கேட்டுட்டு அடுத்த வாரம் வர்றேன் பாட்டி”ன்னானாம்.

நாலு வாரமாச்சு. காப்பி டம்ளர் கழுவியாச்சு, ஆளைக் காணோம். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.