பாசி தின்னும் மீனைக் குளத்தில் விடலாமா?



நெல்லைப் பற்றிப் பேச வேண்டியவன் மீனைப் பற்றிப் பேசுகிறேனே என்று எண்ண வேண்டாம். "கண்ணாடித் தொட்டியில் பாசியைத் துடைத்தாற்போல் தின்கிறதே, அந்த மீனில் பத்தை வாங்கிக் குளத்தில் விட்டால் என்ன?" என்று இப்பகுதி விவசாயிகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். விட வேண்டாம் என்பதே என் பதில்.

பாசி தின்னும் சிறு மீன் நம் காவிரியிலேயே உண்டு. மலையோர ஓடைகளில், பாறை மேல் நீர் விரைந்து ஓடும் இடங்களில் கல்லொட்டி வாழ்கிறது. ஏறக்குறைய விரல் நீளம்தான். வாயின் அடியில் வட்டத் தட்டுப் போன்ற உறுப்பு இருக்கிறது. அதனால் கல்லைப் பற்றிக்கொண்டு, வெள்ளம் இழுத்தாலும் நகராமல் பாசியைச் சுரண்டித் தின்னும். பிராணவாயு நிறைந்த ஓடுநீர் அதற்கு வேண்டும். முத்துப்பேட்டைக் கடைமடையின் கலங்கிய, மெல்ல நகரும் நீர் அதற்கு ஒத்துவராது.

தொட்டி வளர்ப்போர் விரும்பும் இன்னொன்று, தென் அமெரிக்காவின் ஆட்டோசிங்ளஸ். 2 அங்குலத்துக்குள் அடங்கிவிடும் சாது. ஓடைக்கரைச் செடிகளின் இலைகளில் கூட்டமாக மேயும். பாசி பிடிக்காத புதுத் தொட்டியில் விட்டால் பட்டினியால் செத்துப் போகும்.

ஆனால் நம் ஊர்க் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்பது பெரும்பாலும் இவ்விரண்டும் அல்ல, சக்கர் மீன். அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்ததுதான். வாங்கும்போது 2 அங்குலம். வளர்ந்தால் ஒன்றரை அடி. தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனம் வராமல் வாய்க்காலிலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் செய்ததாகவும் நினைத்துக்கொள்கிறார்கள்!

திருவனந்தபுரத்துக் கால்வாயில் இம்மீன் பெருகி நிலைத்துவிட்டதை 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் இது பெருகியதால் திலேப்பியா மீன்பிடிப்பே நொடித்தது. உடம்பெங்கும் எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் சிக்கினால் வலை கிழியும். நீரில் பிராணவாயு குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஓரளவு உப்பையும் தாங்கும் என்பதால் நம் கழிமுகப் பகுதி அதற்குத் தடையாகாது.

உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அது தோண்டும் வளை. முட்டையிட ஆண் மீன் கரை மண்ணில் 3 அடி ஆழத்துக்கும் மேலாகக் குடைந்துவிடும். நண்டு வளைக்கே வரப்பை வெட்டி அணைத்து மாளவில்லை. மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் நமக்கு, வாய்க்கால் கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பாசிக்கு என்ன வழி? குளத்துக்கு ரோகுவும் வெள்ளிக்கெண்டையும் இருக்கின்றன. வெள்ளிக்கெண்டை நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும். ரோகு, குச்சியிலும் தண்டிலும் படிந்த பாசியை மேயும். வயலில் பாசி படர்ந்து இளநாற்றை அமுக்கினால், நீரை வடித்து மண் லேசாகக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுங்கள். மணிச்சத்தை நீரின் மேல் தூவினால் பாசி கொழுக்கும். கடைசி உழவில் அடியுரமாக மண்ணோடு கலந்துவிடுங்கள். எல்லாப் பாசியும் பகையல்ல. நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது. எக்டருக்கு 10 கிலோ தூவச் சொல்லி நாங்களே பரிந்துரைக்கிறோம்.

உங்கள் வலையில் சக்கர் மீன் சிக்கினால் மறுபடி நீரில் போடாதீர்கள். கொன்று, கரையிலிருந்து தள்ளிப் புதைத்துவிட்டு, பிடித்த இடத்தை மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். வீட்டுத் தொட்டியில் இருப்பது பெரிதாகிவிட்டால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். பண்ணைக்குட்டையில் ஏற்கெனவே விட்டவர்கள், மழைக்காலத்தில் குட்டை வழிந்து வாய்க்காலோடு சேருமுன், கோடையில் நீரை இறைத்து ஒன்றுவிடாமல் பிடித்துவிடுங்கள்.