எழுத்துக்கு முன் செவி



நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. எழுத்தறியாத மூன்று வயதுக் குழந்தையும் வாசகரே என்பேன் யான். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் செயற்கை மரமொன்று உண்டு. அதன் நிழலில் படநூலைப் புரட்டும் மழலை, தாள் எப்பக்கம் திரும்பும் என அறிகிறது. பிறர் படிக்கக் கேட்டு, எதுகையின் இன்பத்தைச் செவியால் உணர்கிறது. பிற பிள்ளைகளோடு அமரவும் பழகுகிறது. அகரம் எழுதுமுன் வேண்டிய ஆயத்தம் இதுவன்றோ?

எங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ சிறுவர் நூல்கள் பூட்டிய அலமாரியில் உள்ளன. ‘கிழித்துவிடுவார்கள்’ என்றனர். கிழியட்டுமே, ஒட்டப் பசையா இல்லை! நாமும் குறைந்தவர்கள் அல்லர். பத்தாண்டுகளில் குழந்தைகளுக்கென ஒரு கவியரங்கமேனும் நடத்தினோமா? வரும் ஞாயிறன்று ஆளுக்கொரு பாட்டோடு அந்நூலகத்துக்கு வாருங்கள். அலமாரிச் சாவியை யான் கேட்டு வாங்கி வைக்கிறேன்.