வீடா, கூடமா?

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதா, வாடகைக்குப் பொது அலுவலகத்தில் ஒரு நாற்காலி பிடிப்பதா என்று இப்போது பலருக்கும் குழப்பம்.

விடை வேண்டுமானால் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலக் கூடத்தைப் பாருங்கள். நறுமணப் பொருட்கள் வாரியம் 2007-லேயே அங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்துவிட்டது. விலை கேட்கக் கூவ வேண்டாம். பொத்தானை அழுத்தினால் போதும். அப்புறம் எதற்குக் கூடம்? மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, பச்சை நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றை உரித்து முகர்ந்தால்தான் வியாபாரிக்கு விலை பிடிபடும். மணத்தைக் கம்பி வழியே அனுப்ப இன்னும் வழியில்லையே! அதனால்தான் போட்டியாளர்களே பக்கத்துப் பக்கத்தில் கணினி முன்னால் உட்காருகிறார்கள்.

உங்கள் வேலையில் அப்படிச் சேர்ந்திருந்து பார்க்க ஏதும் இல்லையா? வாடகையை மிச்சம் பிடியுங்கள். வீட்டில் கதவுள்ள ஓர் அறை போதும்.